தெய்வமான பேரரசரும் தேய்ந்த செப்புக் காசும்

பழங்காசு சேகரித்தல் பொதுவாக ஒரு பொழுதுபோக்காகவே கருதப்படுகின்றது. ஆயினும் எந்தக் காசை எடுப்பது, எதனை விடுவது, எடுத்தவற்றை எவ்வொழுங்கில் அடுக்குவது என்பனவற்றுள் ஒவ்வொரு முடிவும் ஏதோவொரு வரலாற்று நோக்கிலிருந்தே பிறக்கின்றது. செய்யுட்களைத் தொகுத்தவன் தன் காலத்துச் சுவையையும் சார்பையும் தொகுப்பில் விட்டுச் செல்வது போலவே, காசுகளைத் தொகுப்பவனும் விட்டுச் செல்கின்றான். ஆதலின் இலக்கியத் தொகை மரபொன்றை விமர்சிப்பதைப் போன்றே நாணயத் தொகை மரபொன்றையும் விமர்சித்தல் இயலும்.

இறந்தபின் தெய்வமாக்கப்பட்ட உரோமப் பேரரசரை நினைவுகூரும் நாணயங்களைச் சேர்ப்பது மேலைநாடுகளில் நெடுங்காலமாக நிலவிவரும் மரபாகும். கழுகு, பலிபீடம், ஈமச் சிதை, முக்காடிட்ட தலை ஆகிய சின்னங்களைக் கொண்ட இக்காசுகளை வரிசையாக நிறைத்துவிடுவதே அம்மரபின் இலட்சியம். இது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தொலைவான விடயமாகத் தோன்றலாம். ஆனால் நெல்லியடிச் சந்தியிலிருந்து கிழக்கே சில மைல் சென்றால் வல்லிபுரத்தின் பழைய குடியிருப்பு மணலினடியிற் கிடக்கின்றது. மேற்கே வலிகாமத்தில், உரோம நாணயங்கள் கிடைத்த கந்தரோடை உள்ளது. உரோமக் காசு இந்நாட்டு மண்ணிற் கலந்த பொருள். அதனை எவ்வாறு வாசிப்பது என்ற வினாவுக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்தே இம்மண்ணின் பண்டைய வரலாற்றின் ஒரு பகுதி தெளிவுறவோ அழிவுறவோ கூடும். அந்த நோக்கிலேயே இச்சேகரிப்பு மரபு இங்கு ஆராயப்படுகின்றது.

தெய்வத்தின் மகன்

இலத்தீன் மொழியிலே 'தேயுஸ்', 'திவுஸ்' என இரு சொற்கள் உள. வடமொழித் 'தேவ' என்னும் சொல்லோடு வேருறவு கொண்ட இவ்விரண்டனுள் முன்னையது இயல்பாகவே தெய்வமாயிருப்பவரைக் குறிக்கும். பின்னையது பேரரசுக் காலத்தில், மனிதராய்ப் பிறந்து இறந்தபின் தெய்வநிலை பெற்றவருக்கு உரியதாயிற்று. அந்நிலையை வழங்கியது செனற் சபையின் தீர்மானம். கி. மு. 44இற் கொலையுண்ட யூலியஸ் சீசர் கி. மு. 42இல் அவ்வாறு தெய்வமாக்கப்பட்டார். அவரின் மறைவுக்குப் பின்னர் வானில் தோன்றிய வால்வெள்ளியை மக்கள் அவருடைய ஆன்மாவாகக் கருதினர் என்பர். ஒகஸ்தஸ் பின்னர் வெளியிட்ட வெள்ளிக்காசொன்றில் அவ்வால்வெள்ளி 'திவுஸ் யூலியுஸ்' என்ற வாசகத்துடன் பொறிக்கப்பட்டுள்ளது.

இறந்தவருக்கு அளிக்கப்பட்ட இச்சிறப்பினால் உண்மையிற் பயன்பெற்றவர் உயிரோடிருந்தவரே. சீசர் தெய்வமானவுடன் அவருடைய சுவீகார மைந்தர் 'திவி பிலியுஸ்', அதாவது தெய்வமானவரின் மகன், ஆயினார். ஒகஸ்தஸ் கி. பி. 14இல் இறந்து தெய்வமாக்கப்பட்டபோது தைபீரியஸ் அதே பட்டத்துக்கு உரியவரானார். வழிபாடு இறந்தவருக்கு, அதிகாரம் வாரிசுக்கு. தெய்வமாக்கலின் அரசியல் இதுவே.

இதனைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் சான்று மிக வெளிப்படையானது. தென்னிந்தியாவிற் கிடைத்த முற்கால உரோம வெள்ளிக்காசுப் புதையல்களில் இரண்டு வகைகளே பெருந்தொகையாகக் காணப்படுகின்றன. ஒன்று, ஒகஸ்தஸ் தம் பேரர்களான கையஸ், லூசியஸ் இருவரையும் பின்புறத்தே பொறித்து வெளியிட்ட தினாரியஸ். மற்றையது, அமர்ந்த பெண்ணுருவத்தைப் பின்புறத்தே கொண்ட தைபீரியஸின் தினாரியஸ். முன்னையதில் ஒகஸ்தஸ் 'திவி பிலியுஸ்' என்றும், பின்னையதில் தைபீரியஸ் தெய்வமான ஒகஸ்தஸின் மகன் என்றும் தலையைச் சுற்றி எழுதப்பட்டுள்ளது. உரோமப் பேரரசர் தெய்வமானார் என்ற செய்தி தமிழ்நாட்டின் கரைகளுக்குச் சிறப்பான நினைவுக்காசு எதனாலுமன்றி, மிளகுக்கு விலையாக வந்த மிகச் சாதாரணமான வணிகக் காசினாலேயே வந்துசேர்ந்தது.

சேகரிப்பு மரபின் முதற் குறைபாடு இவ்விடத்திற் புலனாகின்றது. தெய்வமாக்கப்பட்டவரின் உருவமோ 'கொன்செக்ராசியோ' என்ற வாசகமோ இருந்தாலன்றி அம்மரபு ஒரு காசைத் தன் வரிசையிற் சேர்ப்பதில்லை. இதனால், தெய்வமாக்கல் என்னும் நிறுவனம் நாள்தோறும் தொழிற்பட்ட களமாகிய வாரிசின் காசு வரிசைக்கு வெளியே நின்றுவிடுகின்றது. சடங்கின் படம் சேர்க்கப்படுகின்றது. சடங்கின் பயன் விடப்படுகின்றது. கருத்துநிலையைப் பொருளின் பயன்பாட்டிலே தேடாது அலங்காரத்திலே தேடுவதன் விளைவு இது.

வரிசையின் அரசியல்

தெய்வமாக்கப்பட்ட பேரரசரை ஒரு வரிசையாக்கும் எண்ணம் தற்காலச் சேகரிப்பாளருக்கு மட்டும் உரியதன்று. உரோம அரசே அதனைச் செய்தது. கி. பி. 249 முதல் 251 வரை ஆண்ட டேசியஸின் காலத்தைச் சார்ந்தன எனப் பெரும்பாலான அறிஞர் கொள்ளும் வெள்ளிக்காசுத் தொடரொன்று பதினொரு பேரரசரை நினைவுகூர்கின்றது. ஒகஸ்தஸ், வெஸ்பாசியன், தீத்தஸ், நேர்வா, திராஜன், ஹாட்ரியன், அந்தோனினஸ் பயஸ், மார்க்கஸ் ஓறேலியஸ், கொமோடஸ், செப்டிமியஸ் செவேரஸ், செவேரஸ் அலெக்சாந்தர் என்போர் அவர்கள். பின்புறத்திற் கழுகோ பலிபீடமோ காணப்படும். இப்பதினொருவரையும் முழுமையாகச் சேர்த்துவிடுதல் இத்துறைச் சேகரிப்பாளர் பலரின் பெருவிருப்பம்.

இப்பட்டியல் நடுநிலையானதன்று. கி. பி. 54இல் முறைப்படி தெய்வமாக்கப்பட்ட குளோடியஸ் இதில் இடம்பெறவில்லை. அவருடைய தெய்வமாக்கலை எள்ளி நகையாடும் அங்கத நூலொன்று செனெக்காவின் பெயரால் வழங்குவதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கி. பி. 192இற் கொலையுண்ட கொமோடஸோ இறந்தவுடன் செனற் சபையாற் பழிக்கப்பட்டு, கல்வெட்டுக்களிலிருந்து பெயர் செதுக்கி நீக்கப்பட்டவர். அவர் தெய்வமான காரணம் எளிது: போரினால் அரியணையைக் கைப்பற்றிய செப்டிமியஸ் செவேரஸ் தமக்குப் பழைய அரச குலத்தோடு உறவு வேண்டிக் கொமோடஸைத் தம் சகோதரர் என்று அறிவித்துக் கொண்டார், சகோதரர் தெய்வமாதல் அவசியமாயிற்று. ஹாட்ரியனைத் தெய்வமாக்க கி. பி. 138இற் செனற் சபை தயங்கியபோது வற்புறுத்தி அதனை நிறைவேற்றியவர் அந்தோனினஸ். 'பயஸ்' என்ற அவருடைய பட்டத்துக்கு அச்செயலே காரணம் என்பாரும் உளர்.

டேசியஸின் காலமும் கவனிக்கத்தக்கது. எல்லைகளில் கோத்தியர் படையெடுப்பு, நாணயத்தின் வெள்ளி குறைதல், அடுத்தடுத்து வீழ்ந்த அரியணைகள் என்பவற்றிடையே பேரரசின் குடிகள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டு, மறுத்த கிறித்தவரைத் துன்புறுத்திய ஆட்சி அது. நிலைகுலைந்த அரசு தன் கடந்த காலத்தைப் பதினொரு முகங்களாகச் சுருக்கிக் குடிகளின் கையில் வைத்தது. நெருக்கடியிலே அகப்பட்ட அதிகாரம் முன்னோரின் பெருமையை முதலீடாக்கும் வழக்கம் உரோமுக்கு மட்டும் உரியதன்று என்பதை வரலாற்று மாணவர் அறிவர்.

இங்கு எழும் விமர்சனம் இதுவே. டேசியஸின் பதினொருவரைத் தேடித் திரியும் சேகரிப்பாளன், தன்னை அறியாமலே டேசியஸின் பணியைத் தொடர்கின்றான். அரசு தெரிந்தெடுத்த வரிசையை வரலாற்றின் வரிசையாக ஏற்றுக்கொள்ளுகின்றான். அவ்வரிசையில் யார் விடுபட்டார், ஏன் விடுபட்டார் என்ற வினா அவனுடைய பெட்டியின் குழிகளில் எழுவதில்லை. ஏனெனிற் குழிகளின் எண்ணிக்கையை முன்னரே தீர்மானித்தவர் அவன் அல்லர்.

முகத்தின்மேல் விழுந்த வெட்டு

அனுப்பியவர் ஒன்று கருதப் பெற்றுக்கொண்டவர் வேறொன்று கருதுதல் எல்லாத் தொடர்பாடலிலும் நிகழ்வது. உரோமக் காசின் வாசகத்தைத் தமிழ்நாட்டார் எவ்வாறு ஏற்றனர் என்பதற்கு ஓர் அரிய சான்று புதுக்கோட்டைப் புதையல். 1898இல் அறிஞர் உலகுக்கு அறிமுகமான அப்புதையலில் 501 பொற்காசுகள் இருந்தன. ஒகஸ்தஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையிலான பேரரசரின் காசுகள் அவை. அவற்றுட் பெரும்பாலானவற்றிலே பேரரசரின் தலைமீது குறுக்காக ஆழமான வெட்டு ஒன்று இடப்பட்டுள்ளது. பின்புறத்தை விட்டு முகத்தையே தேடி வெட்டியிருப்பது தற்செயலாகாது.

இவ்வெட்டுக்கு அறிஞர் பல விளக்கங்கள் தந்துள்ளனர். காசு உட்புறமும் பொன்னே என்பதைச் சோதித்தற்காக வெட்டினர் என்பது ஒன்று. காசாகப் புழங்காது வெறும் பொன்னாகவே அது கொள்ளப்படவேண்டும் என்று காட்டுதற்காக வெட்டினர் என்பது இன்னொன்று. அந்நிய அரசனின் முகத்தை உள்ளூர் அதிகாரம் செல்லாததாக்கியது என்பது பிறிதொன்று. எதனை ஏற்பினும் ஒன்று தெளிவு: தெய்வத்தின் மகனுக்கு இங்கு தெய்வ மரியாதை கிடைக்கவில்லை. கி. பி. 64இல் நீரோ வெள்ளிக்காசின் எடையையும் தூய்மையையும் குறைத்த பின்னர், பழைய ஒகஸ்தஸ், தைபீரியஸ் காசுகளையே இந்திய வணிகர் விரும்பினர் எனப் பொதுவாகக் கருதப்படுவதும் இதனோடு இசைகின்றது. அவர்கள் விரும்பியது நல்ல வெள்ளி. எழுதப்பட்ட இறைமை அன்று.

இதனை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தவருக்கு உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. நெல்லியடிக் கடைத்தெருவின் நகைக்கடைகளில் இன்றும் தங்கம் 'பவுண்' என்ற அளவையாலேயே விலை பேசப்படுகின்றது. பிரித்தானியப் பொற்காசின் பெயரே அது. அக்காசினைத் தாலிக்கொடியிலே கோக்கும் வழக்கமும் குடாநாட்டிற் பரவியிருந்தது. இறைவனின் அருளால் ஆளும் அரசி அல்லது அரசன் என்ற இலத்தீன் வாசகம் அக்காசிலும் உண்டு. அதனை அணிந்த பெண்கள் விக்ரோறியா அரசியிடத்துப் பக்தி கொண்டு அணிந்தாரல்லர். தேய்மானமில்லாப் பொன், குறையாத எடை, நெருக்கடியில் உதவும் சேமிப்பு என்பனவே அவர்கள் கருதியவை. தென்னிந்தியாவிற் கிடைத்த உரோமப் பொற்காசுகள் சிலவற்றிலே கோத்து அணிவதற்குரிய துளைகள் காணப்படுவதை இதனோடு ஒப்புநோக்கலாம்.

ஆகவே இந்நாடுகளிற் கிடைத்த உரோமக் காசை, உரோமை மட்டும் கொண்டு விளக்க முற்படுதல் பாதி வாசிப்பேயாகும். வெட்டு, துளை, தேய்வு ஆகியவை தமிழ்நாட்டார் அக்காசின்மேல் எழுதிய உரை. சேகரிப்புச் சந்தையிலோ அவை 'பழுது' எனப்படும். வெட்டுப்படாத முகமே விலைபெறும். இந்நாட்டு மக்களின் கைபட்ட அடையாளம் எதுவோ அதுவே குறைபாடாகக் கணிக்கப்படுகின்றது என்பதை எளிதிற் கடந்துசெல்ல முடியாது.

சிறு செப்புக்காசுகளின் நாடு

இலங்கையின் நிலைமை தென்னிந்தியாவினின்றும் வேறானது. முற்காலப் பேரரசரின் பொன், வெள்ளிக் காசுகள் இங்கு அருமையாகவே கிடைத்துள்ளன. பெருந்தொகையாகக் கிடைப்பவை கி. பி. நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்புக்காசுகள். கொன்ஸ்தந்தைனின் குடும்பத்தவரும் அவருக்குப் பின்வந்தோரும் வெளியிட்ட இவை உரோமிற் சில்லறையாகப் புழங்கியவை. ஜோன் ஸ்ரில் 1907இலும் கொட்றிங்ரன் 1924இலும் இவற்றை விவரித்தனர். இவை எக்காலத்தில், எவ்வழியாக வந்தன என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், இங்கு சில்லறை நாணயமாகப் பயன்பட்டன என்பதும், இவற்றைப் பார்த்து இந்நாட்டிலேயே போலிகள் செய்யப்பட்டன என்பதும் பொதுவாக ஏற்கப்பட்டவை. போலிகளில் இலத்தீன் எழுத்துக்கள் வெறும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் சிதைந்து நிற்கின்றன. பேரரசரின் பெயர் படிக்கப்படவில்லை. காசு மட்டும் தேவைப்பட்டது.

தெய்வமாக்கல் நாணயங்களின் கடைசி அத்தியாயமும் இதே காலத்தைச் சேர்ந்தது. கி. பி. 337இல் மரணப் படுக்கையில் ஞானஸ்நானம் பெற்று இறந்த கொன்ஸ்தந்தைனுக்கு, அவருடைய மக்கள் 'திவுஸ்' என்ற பட்டத்துடன் காசுகள் வெளியிட்டனர். முன்புறத்தில் முக்காடிட்ட தலை. பின்புறத்தில் நாற்குதிரைத் தேரில் அவர் மேலேற, வானத்திலிருந்து கையொன்று நீளுகின்றது. திருச்சபை வரலாற்றாசிரியரான யூசேபியசும் இக்காசினை விவரித்துள்ளார். பழைய சமயத்தவர் அதில் மன்னன் தெய்வமாவதைக் கண்டிருப்பர். கிறித்தவர் இறைவன் தன் அடியானை ஏற்றுக்கொள்வதைக் கண்டிருப்பர். ஒரே உருவம் இரு சமயத்தாருக்கும் உவப்பாக அமைக்கப்பட்டது. ஒன்றரைச் சதமமீற்றர் அளவேயான அச்செப்புத் துண்டில் இரு உலகக் கண்ணோட்டங்கள் சமரசம் செய்துகொண்டன எனலாம்.

இக்காசும் இலங்கையிற் பரவிய சிறு செப்புக்காசுகளும் ஒரே தலைமுறையின. அளவாலும் அமைப்பாலும் உறவுடையவை. தேய்ந்து முகம் மறைந்த செப்புக்காசொன்று மண்ணில் அகப்படும்போது அது எவருடையது என்பதைப் பொறுமையுடன் ஆராய்ந்தாலன்றிக் கூறமுடியாது. ஆனால் முகத்தையும் வாசகத்தையும் தேடும் சேகரிப்பாளனுக்கு அதில் ஈடுபாடு இல்லை. அவனுடைய வரிசையில் அதற்கு இடமில்லை, சந்தையிலும் விலையில்லை. பழுதில்லாத பொற்காசு கண்ணாடிப் பேழையை அடைகின்றது. இந்நாட்டுச் சந்தைகளில் உண்மையாகவே கைமாறிய செப்புக்காசு குப்பைக்கோ உருக்குலைக்கோ போய்ச் சேர்கின்றது.

இடம் என்னும் சான்று

ஒரு காசின் வரலாற்றுப் பெறுமதியில் அது கிடைத்த இடம் எத்துணை முக்கியமானது என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சேதுக்காசே போதிய சான்று. நந்தி உருவமும் 'சேது' என்ற தமிழ் எழுத்தும் கொண்ட அக்காசுகள் ஒருகாலத்தில் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியனவென்று கருதப்பட்டன. எழுத்தை மட்டும் படித்தவர் அம்முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் அவை யாழ்ப்பாணத்திலேயே பெருவாரியாகக் கிடைத்தமையும், 'சேது' என்ற சொல் யாழ்ப்பாண அரசரின் சின்னமாகப் பயின்றமையும் எடுத்துக்காட்டப்பட்டபோது, அவை ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகள் என்பது நிலைநாட்டப்பட்டது. சுவாமி ஞானப்பிரகாசரும் முதலியார் இராசநாயகமும் கொட்றிங்ரனும் இவ்விவாதத்தில் நினைவுகூரத்தக்கவர்கள். அக்காசுகள் யாவும் கிடைத்த இடம் அறியப்படாமல் வணிகர் கைவழியே சென்றிருந்தால், ஓர் அரசு வெளியிட்ட நாணயம் இன்னோர் அரசின் கணக்கிலேயே இருந்திருக்கும்.

வடமராட்சியில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். வல்லிபுரத்திற் கிடைத்த புத்தர் சிலையொன்று 1906இல் தேசாதிபதி ஹென்றி பிளேக்கினாற் சீயம் நாட்டு மன்னருக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. கிடைத்த சூழலை எவரும் முறையாக ஆராயுமுன்னரே அது நாடு கடந்தது. 1936இல் அதே ஊரிற் கண்டெடுக்கப்பட்ட சிறிய பொற்சாசனம் இதற்கு எதிரான உதாரணம். வசப மன்னனின் ஆட்சியையும் 'நாகதீவ' என்ற பெயரையும் குறிப்பிடும் அத்தகட்டின் பொன், எடையளவில் அற்பமானது. அது வல்லிபுரத்திலே கிடைத்தது என்ற செய்தி உடனிருப்பதாலேயே குடாநாட்டின் பண்டைய வரலாறு பற்றிய விவாதங்கள் யாவற்றிலும் அதற்கு இடமுண்டு. அதன் வாசிப்பிலும் விளக்கத்திலும் கருத்து வேறுபாடுகள் எத்தனை இருப்பினும், அவை யாவும் வல்லிபுரத்தைப் பற்றிய கருத்து வேறுபாடுகளாக அமைவது அவ்விடச் செய்தியினாலேயே.

இவ்வாறு கூறுவதனாற் சேகரிப்பாளரின் பணி முற்றாக நிராகரிக்கப்படவில்லை. கந்தரோடையிற் கிடைத்த காசுகளையும் பிற பொருள்களையும் தேடி ஆராய்ந்து, 1917, 1919 ஆகிய ஆண்டுகளில் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதிய போல் பீரிஸ் தொழில்முறைத் தொல்லியலாளர் அல்லர்; அரச உத்தியோகத்தர். அவருடைய ஆர்வம் இல்லையேல், 1970இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழுவினர் அங்கு அகழ்வு நடத்துவதற்கு முந்திய அரை நூற்றாண்டில் எத்தனையோ சான்றுகள் சுவடின்றி மறைந்திருக்கும். தமிழ்நாட்டிற் பத்திரிகையாளரான இரா. கிருஷ்ணமூர்த்தி, கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால உரோமச் செப்புக்காசுகளைத் தேடிச் சேர்த்து 1994இல் நூலாக்கினார். தேய்ந்த சிறு காசுகளை, அவை கிடைத்த ஊரின் பெயரோடு தொகுத்தமையே அந்நூலின் பயன். சேகரிப்பு ஆய்வாக மாறும் வழியை இவ்விருவரும் காட்டியுள்ளனர். காசோடு ஊரின் பெயரையும் சேர்த்துவைத்தல் என்பதே அவ்வழி.

சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் நிலத்தடியிற் கிடைக்கும் தொல்பொருள்களை நாட்டின் உடைமையாக்கியது. எனினும் சட்டத்தால் மட்டும் சான்று காக்கப்படுவதில்லை. தோட்டத்திற் காசொன்றைக் கண்டெடுக்கும் கமக்காரன் அதனைக் கையளித்தால் விசாரணை வருமோ என்று அஞ்சினால், அக்காசு இரவோடிரவாக விற்கப்படும் அல்லது உருக்கப்படும். வடமராட்சியின் மணற்பரப்புக்களில் நிகழும் மணல் அகழ்வு இன்னொரு பேரிழப்புக்கு வழிவகுக்கின்றது. பாரவண்டியில் ஏற்றப்படும் மணலோடு மட்பாண்டச் சிதைவுகளும் காசுகளும் சென்று கட்டடமொன்றின் சாந்திற் கலந்துவிட்டால், பின்னர் எந்த ஆய்வாளராலும் அவற்றை மீட்க இயலாது. அயலூர்ப் பாடசாலைகளின் ஆசிரியரும் மாணவரும் காசு கிடைத்த காணியையும் ஆழத்தையும் நாளையும் ஒரு கொப்பியிற் குறித்து, பல்கலைக்கழகத் தொல்லியற் பிரிவுக்கோ நூதனசாலைக்கோ அறிவிக்கும் வழக்கம் ஏற்படுமாயின், செலவு சிறிதுமின்றிப் பெரும்பயன் விளையும்.

நடுகல்லும் காசும்

இறந்தவரைத் தெய்வமாக்கும் வழக்கம் தமிழருக்கும் புதிதன்று. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. இந்நிலைகளையும் உரோமரின் தெய்வமாக்கலையும் ஒப்பிடுமிடத்து இரு சமூகங்களின் வேறுபாடு துலங்குகின்றது. உரோமில் தெய்வமாகும் தகுதி பெரும்பாலும் பேரரசருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் உரியது, அரசவை தீர்மானிக்கின்றது, அக்கசாலை அறிவிக்கின்றது. நடுகல் மரபிலோ ஆநிரை மீட்டு மாண்ட மறவனும் தெய்வமாகின்றான். அவனைத் தெய்வமாக்குவோர் அவனை அறிந்த ஊரவர். கல் நாட்டப்பட்ட இடமே அவனுடைய நினைவின் இருப்பிடம். பெயர்த்தெடுத்து அரும்பொருளகத்தில் வைத்தால், அது கலைப்பொருளாக எஞ்சலாமேயன்றி வழிபடுகல்லாக எஞ்சாது.

காசு இதற்கு முற்றிலும் மாறானது. இடம்விட்டு இடம் பெயர்வதே அதன் தொழில். பேரரசரைக் காசின்மேல் தெய்வமாக்கியவர் அத்தெய்வம் எல்லா இடங்களுக்கும் செல்லவேண்டும் என்றே கருதினர். அவ்வாறு சென்ற காசு ஒருநாள் ஏதோவொரு கரையில் நின்றுவிடுகின்றது. ஒருவர் கையிலிருந்து நழுவுகின்றது, அல்லது பானையில் இட்டுப் புதைக்கப்படுகின்றது. அன்று முதல் அது உரோமின் பொருளாக மட்டும் இருப்பதில்லை. அதனைத் தவறவிட்ட அல்லது புதைத்த மக்களின் வரலாற்றுக்கும் அது சொந்தமாகின்றது. நடுகல்லைப் போன்று அதுவும் ஓரிடத்துக்கு உரியதாகின்றது.

தெய்வமாக்கப்பட்ட பேரரசரின் நாணயங்களைச் சேகரிக்கும் மரபு இந்த இரண்டாம் பிறப்பைக் கணக்கிற் கொள்ளாமையே அதன் பெருங்குறை. அது காசினை மீண்டும் உரோமின் அக்கசாலைக்கே அனுப்பி வைக்கின்றது. இடையிற் கழிந்த இரண்டாயிரம் ஆண்டுகளையும் துடைத்துவிடுகின்றது. செனற் சபை வழங்கிய தெய்வநிலையை இன்று எவரும் நம்புவதில்லை. கழுகும் பலிபீடமும் ஈமச் சிதையும் வெறும் சின்னங்களாகிவிட்டன. ஆனால் கந்தரோடையில் ஒருவர் உரோமக் காசொன்றைக் கையாண்டு தவறவிட்டார் என்ற செய்தி இன்றும் உயிருள்ளது. ஏனெனில் அது இங்கு வாழ்ந்தவர்களைப் பற்றியது. முகம் தேய்ந்து, பெயர் மறைந்து, விலையற்றுக் கிடக்கும் அச்செப்புக்காசை, அது கிடைத்த காணியின் பெயரோடு காப்பாற்றுவதே இந்நாட்டு நாணய ஆர்வலரின் முதற் கடன் ஆகும்.